தடம் காயும்போது டயரை எப்போது மாற்றுவது?

எங்கள் சிம் ரேசிங் அணியில் நான் ஸ்டீயரிங் பிடிப்பதில்லை. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள். ஒருவர் கோவையில், இன்னொருவர் டொராண்டோவில். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மேசையில் ஒரு நோட்டை விரித்து வைத்து, கணக்குப் பார்த்துச் சொல்பவன். பெட்ரோல் எத்தனை லிட்டர், இன்னும் எத்தனை லேப், எப்போது பிட்டுக்குள் (டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் நிற்கும் இடம்) வர வேண்டும் எல்லாம் என் பொறுப்பு. முழுக்க வெயிலில் நடக்கும் போட்டியில் இது கூட்டல் கழித்தல்தான். மழையில் தொடங்கி வெயிலில் முடிகிற போட்டி என்றால் நிலைமை வேறு. ஓட்டுபவர் லேப்புக்கு லேப் கஷ்டப்பட்டுச் சேர்த்த நொடிகளை, டயர் மாற்றும் ஒரே முடிவு மொத்தமாகக் கொண்டுபோய்விடும். அல்லது இரட்டிப்பாகத் தரும்.

கணினியில் கார் பந்தயம் என்றதும் சிறுவர் விளையாட்டு நினைவுக்கு வருபவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே, ஐரேசிங் போன்றவை உண்மையான பந்தயத் தடங்களை லேசர் வைத்து அளந்து, அதன் மேடுபள்ளத்தோடு கணினிக்குள் கொண்டுவந்தவை. மேசையில் பொருத்திய ஸ்டீயரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கும். டயருக்குப் பிடிப்பு இருக்கிறதா, வழுக்குகிறதா என்பதை அது கைக்குச் சொல்லும். மழையும் வெறும் படக்காட்சி இல்லை. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2019இல் முழுமையாக வெளியிட்ட காம்பெடிசியோனேயில் தடம் நனைவதும், நீர் தேங்குவதும், கார்கள் ஓடும் பாதை முதலில் காய்வதும் உண்டு. ஐரேசிங்கில் மழை 2024 மார்ச்சில்தான் வந்தது. ஒவ்வொரு காரின் டயரும் நீரை ஒதுக்கித் தள்ளுவதைக்கூட அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனால் நிறைய கார்கள் ஓடும் போட்டியில் பாதை சீக்கிரம் காயும். தனியாகப் பயிற்சி செய்யும்போது காய்வதற்கு நேரம் பிடிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பயிற்சியில் பார்த்த வேகத்திலேயே போட்டியிலும் தடம் காயும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

உதாரணத்துக்கு பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆர்டென் காட்டுக்குள் 7.004 கிலோமீட்டர் ஓடும் தடம். மழைக்குப் பேர்போன இடம். கார், ஜிடி3 வகை. இந்த வகைக் காருக்கு காம்பெடிசியோனேயில் இரண்டே டயர்கள்தான். ஒன்று, கோடே இல்லாத வழவழப்பான ஸ்லிக். இன்னொன்று, நீரை வெளியே தள்ளக் கோடுகள் வெட்டிய மழை டயர். ஃபார்முலா ஒன்றில் இரண்டுக்கும் நடுவே ‘இன்டர்மீடியட்’ என்று பச்சைக் கோடு போட்ட டயர் ஒன்று இருக்கிறது; இங்கே அது கிடையாது. ஆகவே நடுவழி இல்லை. ஒரு டயரிலிருந்து மற்றதற்கு ஒரே தாவல்.

தேய்ந்த டயரோடு மழையில் பைக் ஓட்டியவர்களுக்கு ஸ்லிக்கின் சங்கடம் புரியும். நீர் வெளியேற வழியில்லாதபோது ரப்பருக்கும் தரைக்கும் நடுவே ஒரு படலம் நிற்கிறது. வண்டி அதன்மேல் மிதக்கிறது. ஸ்லிக்குக்கு இன்னொரு தேவையும் உண்டு, சூடு. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறினால்தான் அந்த ரப்பர் ஒழுங்காகப் பிடிக்கும். ஈரத் தரை அந்தச் சூட்டை ஏறவே விடாது. மழை டயரின் கதை நேர்மாறானது. அதன் ரப்பர் மென்மை. குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும். காய்ந்த தரையில் ஓட்டினால் கோடுகளுக்கு நடுவே உள்ள ரப்பர்க் கட்டிகள் நெளிந்து நெளிந்து கொதித்துப்போகும், வேகமாகத் தேயும். தடம் காயக் காய ஸ்லிக் வேகம் கூடிக்கொண்டே போகிறது. மழை டயர் ஓர் இடத்தில் நின்றுபோய், பிறகு கீழே இறங்குகிறது. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் எந்த லேப் என்பதுதான் கேள்வி.

மழை நின்ற நேரத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. வானம் வெளுத்த பிறகும் தடம் நெடுநேரம் ஈரமாக இருக்கும். தூறல் இருக்கும்போதே, கார்கள் ஓடும் பாதை காயத் தொடங்குவதும் உண்டு. ஆகவே நான் மேகத்தைப் பார்ப்பதில்லை. மூன்று இடங்களைப் பார்க்கிறேன். முதலாவது, எங்கள் மழை டயரின் சூடு. நேர்ச்சாலைகளில் ஓட்டுநர் வேண்டுமென்றே பாதையை விட்டு விலகி ஈரத்தில் ஓட்டி டயரைக் குளிரவைத்தும் சூடு ஏறிக்கொண்டே போகிறது என்றால், அந்த டயருக்கு ஆயுள் முடிகிறது என்று பொருள். இரண்டாவது, முன்னால் போகும் காரின் பின்னால் எழும் நீர்த்திவலை. கெம்மெல் நேர்ச்சாலையில் அது முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டால் நான் நோட்டைக் கையில் எடுத்துவிடுவேன். மூன்றாவது, யாராவது ஒருவர் முன்கூட்டியே ஸ்லிக்குக்கு மாறியிருந்தால் அவருடைய லேப் நேரம். இதைவிட நம்பகமான அளவுகோல் வேறு இல்லை. கடைசி இடத்தில் ஓடுகிறவர்கள்தான் பெரும்பாலும் முதலில் துணிகிறார்கள். முன்னணியில் இருப்பவர்கள் அவர்களைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். நான் மறப்பதில்லை.

ஓட்டுநரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் சரியான பதில் வராது. அவர் மனத்தில் நிற்பது, கடைசியாக வழுக்கிய வளைவு. 7 கிலோமீட்டரில் ஒரே ஒரு வளைவு குளமாக இருந்தாலும் “இன்னும் ஈரம்தான்” என்பார். டயருக்குக் கணக்கு முழு லேப்புக்கு. ஒரு வளைவில் 3 நொடி போனாலும் மற்ற இடங்களில் 6 நொடி கிடைத்தால் மாறுவதுதான் லாபம். அதனால் நான் வளைவு வளைவாகக் கேட்கிறேன்.

“பூஓன்?”

“பாதை காஞ்சிருச்சுங்ணா. வெளிய போனாத்தான் ஈரம்.”

“ஸ்டாவ்லோ?”

“பாதி பாதிங்ணா.”

“பஸ் ஸ்டாப் சிக்கேன்?”

“அங்க மட்டும் இன்னும் தண்ணி நிக்குதுங்ணா.”

இந்த மூன்று பதிலில் எனக்கு ஒரு தடத்தின் வரைபடமே கிடைத்துவிடுகிறது.

இப்போது கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான். மழை டயரில் எங்கள் கார் லேப்புக்கு 2 நிமிடம் 29 நொடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அதற்குமேல் வேகம் கூடப்போவதில்லை. ஸ்லிக் போட்டால் இந்த லேப் 2:33, அடுத்தது 2:29, அதற்கடுத்து 2:25, பிறகு 2:22, பிறகு 2:20. இரண்டாவது லேப்பில் இரண்டும் சமம். மூன்றாவதிலிருந்து ஸ்லிக் முந்துகிறது. எப்படியும் ஒரு முறை நிற்கத்தான் போகிறோம் என்றால், பிட்டில் போகும் நேரம் இன்று நின்றாலும் அடுத்த லேப் நின்றாலும் ஒன்றே. ஆகவே கணக்கிலிருந்து அதை நீக்கிவிடலாம். மிச்சம் இருப்பது, அந்த ஒரு லேப்பில் இரண்டு டயருக்கும் உள்ள வித்தியாசம். முதல் லேப்பிலேயே மாறினால் 4 நொடி நஷ்டம். நான்காவது லேப்வரை காத்திருந்தாலும் 4 நொடிதான் நஷ்டம். ஐந்தாவதுவரை இழுத்தால் 11 நொடி.

இந்த எண்களை நோட்டில் எழுதிப் பார்த்த பிறகுதான் நான் பதற்றம் இல்லாமல் வேலை செய்யத் தொடங்கினேன். ஒரு லேப் முன்பின் ஆவதால் போவது மூன்று நான்கு நொடி. வேண்டாத ஒரு பிட் ஸ்டாப்பால் போவதோ, ஸ்பா போன்ற தடத்தில், வேகத்தைக் குறைத்து உள்ளே வந்து, டயர் மாற்றி, வெளியே போய்ச் சேரும்வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம். தடத்தை விட்டு விலகி முட்டினால் போட்டியே போய்விடும். எல்லோரும் “எந்த லேப்?” என்ற கேள்வியிலேயே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். “மொத்தம் எத்தனை ஸ்டாப்?” என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்த பிறகு டயருக்கு வரலாம்.

எத்தனை ஸ்டாப் என்பதை முடிவு செய்வது பெட்ரோல் டாங்க். கொள்ளளவு 120 லிட்டர், காய்ந்த தடத்தில் லேப்புக்கு 3.7 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 32 லேப் ஓடலாம். 2:20 வேகத்தில் அது ஏறத்தாழ 75 நிமிடம். ஆக, போட்டி முடிய 75 நிமிடம் இருக்கும்போதிலிருந்து எப்போது நின்றாலும் டாங்கை நிரப்பி முடிவுவரை போய்விடலாம். இந்தக் கதவு திறந்த பிறகு தடம் காய்ந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. டயரும் பெட்ரோலும் ஒரே நிறுத்தத்தில் முடித்துவிடலாம். கதவு திறக்க இன்னும் ஐந்து லேப் இருக்கும்போது காய்ந்தால் என்ன செய்வது? மேலே சொன்ன எண்களின்படி அந்த ஐந்து லேப்பில் ஸ்லிக் தருவது மொத்தம் 16 நொடி. அதற்காக ஒரு நிமிடம் செலவழித்துத் தனியாக நிற்பது நஷ்டம். கொதிக்கும் மழை டயரோடு பொறுத்திருப்பதே சரி. பக்கத்தில் ஸ்லிக் போட்டவர்கள் விருட் விருட்டென்று தாண்டிப் போவார்கள். ஓட்டுநருக்கு ரத்தம் கொதிக்கும். “போகட்டும் தம்பி, அவங்க இன்னொரு தடவை நிக்கணும்” என்று சொல்லி அவரை அமைதியாக வைத்திருப்பதும் என் வேலைதான்.

இதே ஸ்பாவில் 1995 ஆகஸ்டில் நடந்த உண்மையான ஃபார்முலா ஒன் பந்தயமான பெல்ஜியம் கிராண்ட் பிரீயை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். மைக்கேல் ஷூமாக்கர் 16ஆவது இடத்திலிருந்து கிளம்பி முன்னணிக்கு வந்திருந்தார். நடுவில் மழை. டேமன் ஹில் பிட்டுக்குள் போய் மழை டயர் மாட்டிக்கொண்டு வந்தார். ஷூமாக்கர் ஸ்லிக்கிலேயே தங்கினார். பல நொடிகள் வேகமான ஹில்லை அவர் தடுத்துத் தடுத்துப் பார்த்தார். கடைசியில் ஹில் தாண்டிவிட்டார். ஆனால் தடம் காய்ந்தது. ஹில் மறுபடி ஸ்லிக்குக்காக உள்ளே போக வேண்டியதாயிற்று. வென்றவர் ஷூமாக்கர். தடுத்து ஓட்டிய விதத்துக்காக, ஒரு போட்டித் தடை அவர்மேல் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக விதிக்கப்பட்டது. அந்த முறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். தவறான டயரில் சில லேப் தாக்குப்பிடிப்பது இரண்டு பிட் ஸ்டாப்பைவிட மலிவாக முடியலாம் என்பதற்கு மட்டும் அதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

பொறுமைக்கும் எல்லை உண்டு. 2007 சீன கிராண்ட் பிரீயில் லூயிஸ் ஹாமில்டன் காய்ந்துகொண்டிருந்த தடத்தில் தேய்ந்த இன்டர்மீடியட்டோடு ஓடிக்கொண்டே இருந்தார். பின் டயரில் ரப்பர் போய் உள்ளிருக்கும் பட்டை தெரிய ஆரம்பித்தது. கடைசியில் பிட்டுக்குத் திரும்பும்போது, பிட் நுழைவாயிலிலேயே வழுக்கிச் சரளைக்கல்லில் சிக்கினார். அந்த ஆண்டு சாம்பியன் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் அவர் கையைவிட்டுப் போனது. சிம்மிலும் இதற்கு விலக்கு இல்லை. மழை டயரில் லேப் நேரம் 2:29இலிருந்து 2:32, 2:36 என்று சரியத் தொடங்கினால் மேலே போட்ட கணக்கு செல்லாது. மறுபடி போட வேண்டும்.

வானிலை அறிக்கைக்கும் கணக்கில் இடம் உண்டு. காம்பெடிசியோனேயில் பத்து நிமிடத்துக்குப் பிறகு எப்படி, முப்பது நிமிடத்துக்குப் பிறகு எப்படி என்று திரையிலேயே காட்டும். பத்து நிமிடத்தில் மறுபடி மழை என்று காட்டினால், ஸ்பாவில் அது நான்கு லேப். நான்கு லேப்புக்காக ஸ்லிக்குக்குப் போய்த் திரும்பி வந்தால் இரண்டு நிறுத்தம். வேண்டவே வேண்டாம்.

2021 ஹங்கேரி கிராண்ட் பிரீயில் நடந்தது இதற்கு மறுபக்கம். ஈரத்தில் விபத்து நடந்து போட்டி நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியபோது, தொடக்கத்துக்கு முந்தைய சுற்றிலேயே தடம் காய்ந்துவிட்டது. அந்தச் சுற்றின் முடிவில் ஹாமில்டனைத் தவிர எல்லோரும் ஸ்லிக்குக்காகப் பிட்டுக்குள் போய்விட்டார்கள். தொடக்கக் கோட்டில் அவர் கார் மட்டும் தனியாக நின்ற காட்சியைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அடுத்த லேப்பே அவரும் உள்ளே போய், கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். எஸ்தபன் ஓகான் வென்றார். எல்லோரும் ஒன்றாக நின்றால் நிறுத்தத்துக்கு விலையே இல்லை. தனியாகப் பிறகு நிற்பவர்தான் முழு விலை கொடுக்கிறார். லீக் போட்டிகளில் முன்னணியில் இருக்கும்போது நான் இதை வைத்தே முடிவெடுக்கிறேன். இரண்டாவது இடத்தில் இருப்பவர் உள்ளே போனால் அடுத்த லேப் நாங்களும் உள்ளே. பின்தங்கி இருக்கும்போது மட்டுமே ஒரு லேப் முந்தித் துணியலாம். ஜென்சன் பட்டன் 2010 ஆஸ்திரேலியாவில் ஆறாவது லேப்பிலேயே, எல்லோருக்கும் முன்னால் ஸ்லிக்குக்கு மாறினார். மாறியவுடன் ஒரு வளைவில் தடத்தை விட்டு வெளியே போனார். சமாளித்துத் திரும்பி வந்து அந்தப் போட்டியை வென்றார்.

பட்டன் வெளியே போன அந்த நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது: ஸ்லிக் மாட்டிய பிறகு வரும் முதல் லேப். டயர் இன்னும் சூடேறவில்லை, தடம் பாதி ஈரம். ஸ்பாவில் பிட்டிலிருந்து வெளியே வந்தால் இறக்கம், இறக்கத்தின் அடியில் ஓ ரூஜ், உடனே ராதியோன் ஏற்றம். அங்கே வெள்ளைக் கோட்டிலோ வண்ணம் பூசிய விளிம்பிலோ சக்கரம் ஏறினால் கார் சுற்றிவிடும். எங்கள் ஓட்டுநர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஓரிரு எண் கூட்டிக்கொள்ளுங்கள், வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது மட்டும் பிரேக் அடியுங்கள், இந்த லேப்பில் யாரையும் தாண்ட வேண்டாம். காய்ந்த பாதை ஒரு கார் அகலம்தான். தாண்டப் போனால் ஈரத்தில்தான் போக வேண்டும். அதனாலேயே, உள்ளே அழைப்பதற்கு முன் நான் இன்னொன்றும் பார்க்கிறேன்: வெளியே வரும்போது கார்க் கூட்டத்துக்கு நடுவில் மாட்டுவோமா? மாட்டுவோம் என்றால் ஒரு லேப் தள்ளிப்போடத் தயங்கமாட்டேன். விலை நான்கு நொடிதானே.

திரையில் வரும் பிட் பட்டியலில் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று காற்றழுத்தம். காம்பெடிசியோனேயில் ஜிடி3 ஸ்லிக் சூடேறிய பிறகு 26 முதல் 27 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், மழை டயருக்கு ஏறத்தாழ 30. வெளிச் சூடு ஒரு டிகிரி மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பி.எஸ்.ஐ. மாறும். மழைக்குப் பின் காற்றும் தரையும் குளிர்ந்திருக்கும் என்பதால், வெயில் பயிற்சியில் வைத்த எண்ணையே வைத்தால் டயர் தளர்ந்து கிடக்கும். கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

மற்றது பெட்ரோல். நேர அளவுப் போட்டிகளில் பலரைக் கடைசி லேப்பில் நடுத்தடத்தில் நிறுத்துவது இதுதான். 40 நிமிடம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 2:32 வேகத்தில் அது 16 லேப். ஈரத்தில் லேப்புக்கு 3.3 லிட்டர் என்றால் 53 லிட்டர் போதும். தடம் காய்ந்து 2:20 ஆகிவிட்டால் அதே 40 நிமிடத்தில் 18 லேப், லேப்புக்கு 3.7 லிட்டர் ஆவதால் 67 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 14 லிட்டர். திரையில் வரும் சராசரி, ஓடி முடித்த ஈர லேப்களின் சராசரி. அதை நம்பிப் பெட்ரோல் போடக் கூடாது. காய்ந்த தடத்தின் எண்ணைப் பயிற்சியிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அதைக்கொண்டு போட வேண்டும்.

மழைப் போட்டி ஒன்றில் கலந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஈரமாகத் தொடங்கி வெயில் அடிக்கும்படி தனிப் பயிற்சி ஒன்றை அமைத்து, மழை டயரில் இரண்டு லேப், உள்ளே வந்து ஸ்லிக்கில் இரண்டு லேப் என்று மாற்றி மாற்றி ஓட்டி நேரங்களை எழுதுங்கள். பிட்டுக்குள் போய் வர எத்தனை நொடி ஆகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். தீராத சந்தேகம் ஏதாவது இருந்தால், சூடேறாத ஸ்லிக்கோடு ராதியோன் ஏறுவதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள். தடம் காயும் போட்டிகளில் இடங்கள் மாறுவது அதிகமும் அந்த ஒரு லேப்பில்தான்.